சுவரும் பூகம்பமும்: கட்டிடத் தொழிலாளர் முன்னுள்ள கேள்வி

(தூத்துக்குடியில் கட்டிடத் தொழிலாளர்களுக்கு நடைபெற்ற சங்க வகுப்பில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு பூகம்பத்தைப் பற்றி வகுப்பு எதற்கு என்று இரண்டொரு தோழர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நமக்குப் பழகிய ஆபத்துகள் வேறு. புயல் தெரியும். 2004 டிசம்பர் 26ல் வந்த சுனாமி தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஜில்லாவே தண்ணீரில் நின்றது தெரியும். பூமி ஆடி வீடு இடிந்ததாக நம் பாட்டன் பூட்டன் சொல்லிக் கேட்டதில்லை. சர்க்காரின் பூகம்ப வரைபடமும் அப்படித்தான் சொல்லிற்று. 2002ல் வெளியான வரைபடம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. தூத்துக்குடி விழுந்தது இரண்டாம் மண்டலத்தில். அதாவது, ஆபத்து மிகக் குறைந்த இடம்.

அப்படியானால் வகுப்பை முடித்துவிட்டு எழுந்து போகலாமா? போகலாம். அந்த வரைபடம் எப்படி வரையப்பட்டது என்ற கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை இருக்கிறது. அந்தப் பிரதேசத்தில் பூகம்பம் வராது என்றுதான் 1960களின் வரைபடம் சொன்னது. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் வந்தது. ஏறக்குறைய 180 பேர் மாண்டார்கள். 1970ல் வரைபடத்தைத் திருத்தினார்கள். பிறகு அதே மகாராஷ்டிரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்கள். அவை முதலாம் மண்டலத்தில், எல்லாவற்றிலும் கீழான பட்டியலில், இருந்தன. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்பு கில்லாரி என்ற ஊரைச் சுற்றிப் பூமி ஆடியது. ஊர் முழுவதும் விநாயகரைக் கரைத்துவிட்டு அசந்து தூங்கிய இரவு அது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பத்தாயிரம் வரை இருக்கும் என்றும் சொல்கிறார்கள். பின்னர் 2002ல் திருத்திய வரைபடத்தில் முதலாம் மண்டலம் என்ற ஒன்றையே நீக்கிவிட்டார்கள். சென்னையையும் இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள்.

ஆக, வரைபடம் முன்னால் போகிறதா, பிணங்களுக்குப் பின்னால் போகிறதா என்று நீங்களே பாருங்கள். நான் விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்த விவரத்தை வைத்து வரைந்தார்கள். இரண்டாம் மண்டலம் என்பது "வராது" என்ற உத்தரவாதம் அல்ல என்பதைத்தான் சொல்கிறேன். நம் தமிழ்நாட்டிலேயே, 1900 பிப்ரவரி 8ல், கோயம்புத்தூரை மையமாக வைத்து ரிக்டர் கணக்கில் ஆறு அளவுக்குப் பூகம்பம் வந்திருக்கிறது. அன்றைய கோயம்புத்தூருக்கும் இன்றைய கோயம்புத்தூருக்கும் உள்ள வித்தியாசம் கட்டிட வேலைக்குப் போய்வந்த தோழர்களுக்குத் தெரியும்.

கில்லாரியில் என்ன நடந்தது?

கில்லாரியின் ஆட்டம் உலகக் கணக்கில் மிகப் பெரியது அல்ல, சுமார் 6.2. அதைவிடப் பெரிய ஆட்டங்கள் பல நாடுகளில் நூறு பேர்கூடச் சாகாமல் கடந்து போயிருக்கின்றன. இங்கே மட்டும் ஏன் இத்தனை உயிர்?

வீட்டைப் பாருங்கள். கறுப்புக் கல்லால் கட்டிய சுவர். கனம் இரண்டடி முதல் ஐந்தடி வரைகூட. வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உள்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவில் மண்ணும் சில்லுக் கல்லும் கொட்டி நிரப்பியது. காரை இல்லை, சேறுதான். இரண்டு வரிசையையும் சேர்த்துக் கோக்கிற நீளமான குறுக்குக்கல் கிடையாது. மேலே மரம் பரப்பி, அதன்மேல் வெயில் தாங்குவதற்காக ஓரடி, இரண்டடி கனத்துக்கு மண். மழைக்கு மழை அந்த மண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

பூமி ஆடியதும் சுவர் இரண்டாகப் பிளந்தது. வெளி வரிசை தெருவில் விழுந்தது, உள் வரிசை தூங்கியவர்கள்மேல் விழுந்தது, அதற்குமேல் கூரை மண் மொத்தமும் வந்து மூடியது. பலர் கல் விழுந்து சாகவில்லை, மண்ணில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்த ஊர்களிலேயே ஓலைக் குடிசையில், தகரக் கொட்டகையில் படுத்திருந்த ஏழைகள் பிழைத்துக்கொண்டார்கள். இதைக் கேட்டு ஏழைக்கு ஓலைக் குடிசையே போதும் என்று எவனாவது சொல்லக் கிளம்புவான். அவனுக்கு நம் புயலைக் காட்டுங்கள்.

கனமான சுவர் பலமான சுவர் என்று நாம் நினைக்கிறோம். பூகம்பத்தில் கணக்கு மாறிவிடுகிறது. திருச்செந்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் கால் நிற்கிறது, உடம்பு முன்னால் போகிறது. தலையில் மூட்டை இருந்தால் இன்னும் வேகமாகப் போகிறது. வீட்டுக்கும் அதேதான். அஸ்திவாரம் பூமியோடு நகர்கிறது, சுவரும் கூரையும் நகர மறுக்கின்றன. எடை எவ்வளவோ, அவ்வளவு இழுப்பு. செங்கல்லும் காரையும் மேலிருந்து அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் தாங்காது. மூலைதான் முதலில் பிரியும். மூலை பிரிந்தால் நான்கு சுவரும் நான்கு தனி ஆள். தனி ஆளைத் தள்ளிவிடுவது எளிது, சங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் பனை ஓலைப் பெட்டி முடைகிறார்கள். ஓலை எவ்வளவு மெல்லியது! ஆனால் அதன் வாயைச் சுற்றி நார் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் கருப்பட்டியை நிரப்பித் தூக்கி எறிந்தாலும் பிரிவதில்லை. வாய்க்கட்டு இல்லாத பெட்டி முதல் நாளே மூலை பிரிகிறது. வீட்டுக்கும் அந்த வாய்க்கட்டுதான் வேண்டும். நீங்கள் "பெல்ட் கான்கிரீட்" என்று சொல்கிறீர்களே, அதுதான். பேஸ்மட்டத்தில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, ஓடு அல்லது தகரக் கூரையானால் கூரை மட்டத்தில் ஒன்று. இதில் ஒன்றுதான் போடக் காசு இருக்கிறது என்றால் லிண்டல் பெல்ட்டை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு அனுபவம்

இது நேற்றுக் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1935 மே 31 அதிகாலையில், இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டா நகரம் தரைமட்டமானது. முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த இடிபாட்டின் நடுவில் ரயில்வேக்காரர்களின் சில குடியிருப்புகள் மட்டும் நின்றன. 1931ல் பக்கத்தில் வந்த ஒரு பூகம்பத்துக்குப் பிறகு எஸ். எல். குமார் என்ற ரயில்வே எஞ்சினியர் பழைய தண்டவாள இரும்பைச் சுவரில் வைத்துக் கட்டுக்கோப்பாகக் கட்டிய வீடுகள் அவை. வெள்ளைக்கார சர்க்காருக்கு வித்தை தெரியும். நான்கு வருஷ அவகாசமும் இருந்தது. கடைத்தெருவில் குடியிருந்த ஜனங்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

தென்னமெரிக்காவில் சிலி என்ற நாடு. கடலோரம் நீளமாகக் கிடக்கும் நாடு, பூகம்பம் அங்கே அடிக்கடி வரும் விருந்தாளி. 1928ல் தால்கா நகரம் இடிந்த பிறகு அங்கே ஒரு முறையைப் பிடித்தார்கள். கொத்தனார் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நாம் பில்லர் வீடு கட்டும்போது என்ன செய்கிறோம்? முதலில் பில்லர், பீம், மேலே தளம். சென்ட்ரிங் பிரித்த பிறகு நடுவில் செங்கல்லை அடைக்கிறோம். பில்லருக்கும் சுவருக்கும் உறவு இல்லை; பீமுக்கு அடியில் கடைசி வரிசையைக் கரணையால் குத்தி ஒப்பேற்றுகிறோம். அவர்கள் வரிசையை மாற்றினார்கள். முதலில் செங்கல் சுவர். அதன் ஓரத்தைப் பல் பல்லாக விட்டுக் கட்டுகிறார்கள். பிறகு இரண்டு சுவருக்கும் நடுவில் நிற்கும் கம்பியில் கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். கான்கிரீட் அந்தப் பல்லுக்குள் புகுந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. மேலே பெல்ட். அதே செங்கல், அதே கம்பிதான். பெரிய பில்லர்கூட வேண்டாம், சுவர் கனத்துக்கு இருந்தால் போதும். மாறியது வேலையின் வரிசை மட்டும். 1939ல் சில்லான் நகரில் பெரிய பூகம்பம் வந்து பல்லாயிரம் பேர் செத்தபோதும் இந்த வகை வீடுகள் பெரும்பாலும் நின்றன. அதன் பிறகு அந்நாட்டில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

2010ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 12ல் ஹைத்தி நாட்டில் 7.0 அளவில் பூகம்பம். ஒரு லட்சத்துக்குக் குறையாமல் செத்தார்கள். அந்நாட்டு சர்க்கார் மூன்று லட்சத்துக்கு மேல் என்றது. பிப்ரவரி 27ல் சிலியில் 8.8. ஆற்றலைக் கணக்குப் பார்த்தால் ஹைத்தியைப்போல ஐந்நூறு மடங்கு. செத்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம், அதிலும் கணிசமானவர்கள் சுனாமியில் போனவர்கள். மையம் ஹைத்தியில் தலைநகருக்கு மிக அருகில், சிலியில் கடலோரத்தில் என்ற வித்தியாசம் உண்மை. ஆனால் ஐந்நூறு மடங்கு ஆற்றலுக்கு இருநூறில் ஒரு பங்கு சாவு என்பதை அது மட்டும் விளக்காது. ஹைத்தியில் சிமெண்டைக் கிள்ளிப் போட்டு வார்த்த ஹாலோ பிளாக் சுவர், அதன்மேல் கனமான கான்கிரீட் தளம், கேட்பார் இல்லாத கட்டுமானம். கடனாளியாக்கப்பட்டு, படை பலத்தால் பலமுறை மிதிக்கப்பட்ட நாடு அது. கட்டிட விதி எழுதவும் அமல்படுத்தவும் அங்கே யாரை விட்டுவைத்தார்கள்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. நமக்கு வேண்டிய நாடுகள் என்பதற்காகச் சுவர் தயவு காட்டவில்லை. மக்கள் சீனத்தில் டாங்ஷான் என்ற தொழில் நகரம், 1976 ஜூலை 28 விடியற்காலை, சர்க்கார் கணக்குப்படியே 2,42,000 பேர் செத்தார்கள். அங்கேயும் வரைபடம் குறைந்த ஆபத்து என்றுதான் காட்டியிருந்தது. கம்பியில்லாத செங்கல் சுவர்கள்மேல் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள். 1988 டிசம்பர் 7ல் சோவியத் அர்மீனியாவில் 25,000 பேர். அங்கே ஆலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்திய ஒன்பது மாடிச் சட்டக் கட்டிடங்கள் இணைப்பு சரியில்லாமல் அடுக்கடுக்காகச் சரிந்தன; பக்கத்திலேயே பெரிய பலகைச் சுவர்களை இணைத்துக் கட்டிய வீடுகள் நின்றன. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது பாதி வேலை. டாங்ஷானுக்குப் பிறகு சீனத்தில் செங்கல் கட்டிடங்களுக்கு மூலைத் தூணும் சுற்றுப் பெல்ட்டும் விதியாயின. அதை நாம் பாராட்டலாம், இரண்டரை லட்சம் பேருக்குப் பிறகு வந்தது என்பதை மறக்காமல்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 அக்டோபர் 8, காஷ்மீரில் பூகம்பம். சனிக்கிழமை காலை, எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே செத்தார்கள். 2015 ஏப்ரல் 25, நேபாளத்தில் பூகம்பம். அதுவும் சனிக்கிழமைதான், நண்பகல் நேரம். அந்த நாட்டில் சனிக்கிழமை விடுமுறை. ஆயிரக்கணக்கில் வகுப்பறைகள் இடிந்தன, உள்ளே பிள்ளைகள் இல்லை. ஒரு நாட்டின் பிள்ளைகள் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் பஞ்சாங்கத்தைப் பொறுத்து இருக்கலாமா?

நம் கரையின் கதை

இனி நம் ஊருக்கு வருவோம். நம் கரையில் பழைய சுவர்கள் சில கடலிலிருந்து வந்தவை. முத்துக் குளித்த காலம் 1961ஓடு முடிந்தது. ஆனால் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுப்பது அதன் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. கல்லாகச் சுவருக்குப் போனது, சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பாயிற்று, ஆலைகளுக்கும் போனது. கடலில் அலையைத் தடுத்த பாறை போனதால் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவே மூழ்கிப்போனது. வான் தீவு தேய்ந்து, இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2001ல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்புக் கொடுத்தார்கள். வெட்டி விற்ற மொத்த வியாபாரி பங்களா கட்டினான். மூச்சடக்கி வெட்டிய மீனவனின் குடிசைதான் இன்று அலைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இன்று செங்கல், ஹாலோ பிளாக், அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் என்று எல்லாம் வந்துவிட்டன. நல்ல கல்லாகப் பார்த்து எடுத்தால் எதிலும் தவறில்லை. நம் ஊரின் நோய் கல்லில் இல்லை, உப்பில் இருக்கிறது. பூகம்பத்திலிருந்து வீட்டைக் காப்பது பெல்ட்டில் உள்ள கம்பி என்றேன். அந்தக் கம்பியை உள்ளிருந்தே தின்பது உப்பு. கம்பி துருப்பிடித்தால் பருக்கிறது. பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளந்த வழியில் கடற்காற்று இன்னும் உள்ளே போகிறது. திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு பக்கம் பழைய வீடுகளின் தளத்தை அண்ணாந்து பாருங்கள், காரை பெயர்ந்து கம்பி சிவப்பாகத் தெரியும் இடங்கள் எத்தனை என்று எண்ணலாம்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. உப்பளத்துப் பக்கத்து போர் தண்ணீரில் எவ்வளவு இருக்கும் என்று நாக்கில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க மனமில்லாத கான்ட்ராக்டர் போர் தண்ணீரைத்தான் விடுகிறான். கடற்காற்று நேராகப் படும் இடத்தில் கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் நடுவில் 45 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம், கான்கிரீட் மூடி இருக்க வேண்டும் என்பதும் விதி. நம் சைட்டுகளில் முக்கால் அங்குலம் இருந்தால் அது புண்ணியம். கவர் பிளாக் வைக்காமல் சல்லியை முட்டுக்கொடுத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்துவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

செலவு அதிகம் என்பான். சரி, கணக்குப் போடுவோம். இருபதுக்குப் பதினைந்தடி வீடு, நடுவில் ஒரு குறுக்குச் சுவர். மொத்தச் சுவர் நீளம் 85 அடி. ஒன்பது அங்குலச் சுவரில் மூன்று அங்குல கனத்துக்குப் பெல்ட். கான்கிரீட் 16 கன அடி. எட்டு மில்லிக் கம்பி இரண்டு ஓட்டம், ஆறங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் எப்படியும் போட்டே ஆக வேண்டும், அதைக் கழித்தால் இன்னும் குறையும். ஒரு வீட்டின் முகப்பு டைல்ஸ் செலவுக்கு இது வராது. காசு இல்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு: கதவையும் ஜன்னலையும் மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைப்பது, கல்லை நனைத்துக் கட்டுவது, மூலையில் இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் வரிசை வரிசையாக ஏற்றிக் கோத்துக் கட்டுவது.

பெல்ட் பற்றிய விதி இந்தியாவில் 1967லிருந்தே எழுத்தில் இருக்கிறது. பின் ஏன் தொகுப்பு வீடுகளிலும் மேஸ்திரி காண்ட்ராக்ட் வீடுகளிலும் லிண்டல் துண்டு துண்டாக நிற்கிறது? ஏனென்றால் விதிப் புத்தகம் எஞ்சினியர் அலமாரியில் இருக்கிறது, சுவர் கொத்தனார் கையில் இருக்கிறது, காசு கான்ட்ராக்டர் பையில் இருக்கிறது. இந்த மூன்றையும் இணைக்க யாரும் இல்லை. அவசரப்படுத்தி வேலை வாங்கிவிட்டு, இடிந்தால் "கொத்தனார் சரியில்லை" என்று பழியை மட்டும் நம் தலையில் வைப்பார்கள்.

எனவே சங்கம் எடுக்க வேண்டிய கோரிக்கைகள். 1996 சட்டப்படி கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நம் நல நிதிக்காக வசூலாகி வந்தது. அந்த நிதியில் கொத்தனாருக்கும் கம்பி கட்டுவோருக்கும் தினக்கூலியோடு பயிற்சி கொடுக்கச் சொல்ல வேண்டும். கூலி இல்லாத பயிற்சிக்கு யாரும் வர முடியாது. பயிற்சியில் சித்தாள் வேலை செய்யும் பெண்களுக்குப் பாதி இடம் வேண்டும். லாத்தூரில் வீடுகளைச் செப்பனிட்டபோது கிராமத்துப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து வேலையைக் கற்றுக்கொண்டு மேற்பார்வையும் பார்த்தார்கள். நம் ஊரில் இருபது வருஷம் கலவை சுமந்த அக்காமார் கையில் கரணை வராதது ஏன்? அடுத்து, சர்க்கார் பணத்தில் கட்டும் எந்த வீட்டுக்கும் பெல்ட் போட்டு அளந்து காட்டாமல் பில் பாஸாகக் கூடாது. கடலோரக் குடியிருப்புகளையும் ஊராட்சிப் பள்ளிகளையும் எஞ்சினியர், மூத்த கொத்தனார், குடியிருப்போர் மூவரும் சேர்ந்து பார்வையிட்டு, துருப்பிடித்த தளங்களைப் பட்டியல் எடுக்க வேண்டும். பள்ளிகள் முதலில்.

பூகம்பம் வராமலே போகலாம், அப்போது இது வீண் செலவுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். இதே பெல்ட்தான் புயலில் ஓட்டுக் கூரையைச் சுவரோடு பிடிக்கிறது. அஸ்திவாரம் வெள்ளத்தில் கொஞ்சம் இறங்கினால் சுவரில் வெடிப்பு ஓடாமல் தடுப்பதும் இதுதான். 2023 மழைக்குப் பிறகு விரிசல் விட்ட வீடுகளைப் பூசிக் கொடுத்த தோழர்கள் இங்கே இருக்கிறார்கள், பெல்ட் இருந்த வீடு எது, இல்லாத வீடு எது என்று அவர்களைக் கேளுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். நூல் பிடிப்பதும் தூக்குக்குண்டு பார்ப்பதும் உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளியே முற்றத்தில் எட்டு மில்லிக் கம்பி கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கிறோம். பெல்ட் கம்பியை மூலையில் வெட்டாமல் எப்படி வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோய்க் கட்டுவது என்பதை நம் மூத்த கொத்தனார் அண்ணாச்சி இப்போது செய்து காட்டுவார். சித்தாள் தோழர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். குறடு நான்குதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும்.